ஹர்த்தால் நாளில் வீரபாண்டியின் வண்டி

அத்தியாயம் 14

சங்கரியின் வலது கை பச்சை ஓவர்கோட்டின் பாக்கெட்டுக்குள் இருந்தது. கைக்குள் ஒரு ரோட்டர் இருந்தது.

கட்டைவிரல் அளவுகூட இல்லாத கறுப்புத் துண்டு. தலையில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு. பழைய கார்களில் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டெல்கோவின் மூடிக்குள் அது உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் யார் வந்து சாவியைத் திருகினாலும் வண்டி கிளம்பாது.

"பூட்டை உடைக்கலாம், கண்ணாடியை உடைக்கலாம். இது நம்ம பாக்கெட்டில இருந்தா வண்டி நம்மளை விட்டுப் போகாதும்மா" என்று சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய அப்பா வீரபாண்டி. அப்போது அவளுக்குப் பத்து வயது.

இன்று அவருக்கு முதல் வருஷத் திதி.

கொச்சியின் பாண்டிக்குடியில் அந்த ஓட்டு வீட்டின் பக்கவாட்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கும் வெளிர்நீல ஃபியட்டுக்காக ஒரு வருஷமாக நடக்கும் சண்டை நமக்குத் தெரியும். வீரபாண்டி மெக்கானிக்; அதைவிடக் கார்ப் பைத்தியம். மூன்று பழைய கார்கள் வைத்திருந்தார். இரண்டை யார் யாருடைய பிள்ளைகளின் கல்லூரிக்காகவோ விற்றார். மூன்றாவதை விற்கவில்லை. ஹர்த்தால் வந்து பஸ்ஸும் ஆட்டோவும் நின்றுபோகிற நாட்களில், பரீட்சைக்குப் போக வழியில்லாத ஏழைப் பிள்ளைகளை அதில்தான் ஏற்றிக்கொண்டு போவார். அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் மூத்தவள். சங்கரி பிறப்பதற்கு முன்பே வந்த வண்டி.

சங்கரிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

தம்பி பாண்டியராஜன் ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் டிரைவர். அந்த ஹோட்டல்காரருக்குத்தான் வண்டியைப் பேசி முடித்திருந்தான். என்ஜினை எடுத்துவிட்டு, முற்றத்தில் நிறுத்தி, உள்ளே மேஜை போட்டு விருந்தாளிகளுக்குச் சாயா கொடுப்பார்களாம். நாளைக் காலையில் எடுத்துப் போக ஆள் வருகிறது.

வீரபாண்டியால் படித்து ஆளாகிச் சங்கமாகச் சேர்ந்த பிள்ளைகளோ இன்று முப்பது கார்களோடு வந்து, அந்த வண்டியை முன்னால் விட்டு, மட்டாஞ்சேரி முழுக்க ஊர்வலம் போவதாக இருந்தார்கள். நேற்று மாலை திடீரென்று ஹர்த்தால் அறிவித்ததில் அது நின்றுபோனது.

ஊர்வலம் நின்றதில் சங்கரிக்கு நிம்மதி. ஆனாலும் மனசு அடங்கவில்லை. விடிந்ததும் எல்லோரும் குளிக்கப் போன நேரம் பார்த்து, பானெட்டைத் தூக்கி ரோட்டரைக் கழற்றிக்கொண்டாள். இன்றைக்கு ஒரு நாளாவது அந்த என்ஜின் சத்தம் இந்த வீட்டில் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"இன்னைக்கு என்ன வேலை உனக்கு? எதுக்கு அந்தக் கோட்டை மாட்டிட்டு நிக்கிறே?" என்றான் பாண்டி. தம்பி அப்பாவின் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான்.

சங்கரி ஹரித கர்ம சேனையில் இருக்கிறாள். வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் வாங்கி, பேட்டரி ஆட்டோவில் ஏற்றி வார்டு ஷெட்டில் சேர்க்கும் வேலை. ஹர்த்தால் என்பதால் இன்று அதுவும் இல்லை. ஷெட்டையும் ஆட்டோவையும் பூட்டிவிட்டார்கள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு, போட்டிருக்கேன்."

"திதி நடக்கிற வீட்டில குப்பை எடுக்கிற கோட்டா?"

"குப்பை எடுத்துத்தானேடா சாப்பிடுறேன். நர்ஸ் கோட்டு போட்டிருக்க வேண்டியவ. கொடுத்து வைக்கலை."

"ஆரம்பிச்சிட்டியா? மனுஷன் செத்து ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் அதையே பிடிச்சுத் தொங்கு."

"நீ அவரு வண்டியில சாயாக்கடை போடு. நான் இதைப் பிடிச்சுத் தொங்குறேன். அவங்கவங்களுக்கு ஒண்ணு."

அடுப்படியிலிருந்து அம்மா சந்தனமாரி எட்டிப் பார்த்தாள். கையில் உளுந்து மாவு. "இன்னைக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் வாயை மூடுங்க. அவர் வந்து உட்கார்ற நேரம்."

"வந்தா என்கிட்ட பேசப் போறாரா?" என்றாள் சங்கரி.

"நீதான் அவர்கிட்ட பேசலை" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

அது உண்மை. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் சங்கரி அப்பாவோடு பேசவில்லை. சோறு போடுவாள், வேட்டி துவைப்பாள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை மேஜைமேல் வைப்பாள். ஒரு சொல் கிடையாது. கடவுள் மனுஷனுக்கு நாக்கைக் கொடுத்தது எதற்கு என்று தெரியாமல் நாம் வாழ்கிற நாட்கள்தான் எத்தனை.

காரணம் இதுதான். பன்னிரண்டாவது முடித்த வருஷம் களமசேரியில் அவளுக்கு நர்சிங் இன்டர்வியூ. பத்து மணிக்கு. அன்றும் ஹர்த்தால். பஜார் ரோடு சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் ஹரிநாராயணனுக்கு அதே நாளில், எட்டு மணிக்கு, இடப்பள்ளியில் நுழைவுத் தேர்வு. ஃபியட்டில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. விடியற்காலையில் வண்டி கிளம்பவில்லை. இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். ஒருவரைத்தான் ஏற்ற முடியும்.

"அவனுக்கு எட்டு மணிக்கு, உனக்குப் பத்து. விட்டுட்டு ஓடி வந்துடுறேன்மா" என்று ஹரியை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பும்போது தோப்பும்படி பாலத்தில் ஹர்த்தால்காரர்கள் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று.

அடுத்த வருஷமே அம்மாவின் அண்ணன் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் வளைகுடாவுக்குப் போனான். போனவன் போனவன்தான். சங்கரி இந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ஊரான் பிள்ளைக்கு முதலில், பெற்ற மகளுக்குப் பிறகு. அந்த நாளுக்கு அப்புறம் சங்கரி அந்த ஃபியட்டில் ஏறியதே இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தான் ஹரிநாராயணன். கையில் ஒரு செவ்வந்தி மாலை. பாலிடெக்னிக்கில் ஆசிரியர். ஊர்வல ஏற்பாட்டுக்காக நேற்றே படகில் வந்து நண்பன் வீட்டில் தங்கியிருந்தான். அவனுக்குப் பின்னால் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பதினெட்டு வயது இருக்கும்.

"மஞ்சுஷா" என்றான் ஹரி. "நம்ம பின்சந்துதான். இவளுக்கு நர்சிங் ஸ்பாட் அட்மிஷன். பத்து மணிக்குள்ள களமசேரியில நேரில நிக்கணும். ஹர்த்தாலுக்காக மாத்த மாட்டாங்களாம். இவ அம்மா காலையில அஞ்சு மணியிலிருந்து வீடு வீடாக் கேட்டுப் பார்த்துட்டாங்க. பைக் வச்சிருக்கிறவன்கூட வெளியே எடுக்கமாட்டேங்கிறான்."

"அதனால?" என்றான் பாண்டி.

"வண்டி இருக்கே, பாண்டி."

"வண்டி இல்லை. வித்தாச்சு."

"நாளைக்குத்தானே?"

"நாளைக்குக் கொடுக்க வேண்டிய வண்டி இன்னைக்குக் கண்ணாடி உடைஞ்சு வந்தா, உங்க சங்கத்திலயிருந்தா வந்து பதில் சொல்லுவீங்க? எனக்கு அங்கே வேலை இருக்கு சேட்டா. ஒரு வருஷம் அந்த ஆள் பின்னாடி நடந்து பேசி முடிச்சது."

"உங்கப்பா இருந்தா..."

"இல்லையே! அவர் இருந்தப்போ நான் இந்த வண்டியில பள்ளிக்கூடத்துக்குப் போனது எத்தனை நாள்னு கேளுங்க. ஒரு நாள்கூடக் கிடையாது. 'உனக்குக் கால் இருக்கு, நட'ன்னு சொல்லுவார். ஊர்ப் பிள்ளைங்களுக்கு மட்டும் கால் இல்லை."

சங்கரிக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளும் தம்பியும் ஒரே கட்சி.

ஹரி அவள் பக்கம் திரும்பினான். "சங்கரி, நீங்களாவது சொல்லுங்க."

"நானா? என்கிட்டயா கேட்கிறீங்க?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நல்லாக் கேட்டீங்க. ஸ்கூட்டர் பின்சீட்டு சௌகரியமா இருந்ததா அன்னைக்கு?"

"எந்த ஸ்கூட்டர்?"

"பாருங்க, ஞாபகம்கூட இல்லை. நீங்க இடப்பள்ளிக்குப் பரீட்சைக்குப் போனீங்களே. அன்னைக்கு இந்தப் படியில நானும் ஃபைலோட நின்னேன். இந்தப் பொண்ணு நிக்கிற மாதிரி. பத்து மணி ஆச்சு, பதினொண்ணு ஆச்சு. நீங்க இப்ப சாரு. நான் சாரு வீட்டுப் பால் கவரைப் பொறுக்கிறவ."

ஹரியின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. "அன்னைக்கு உங்களுக்கு இன்டர்வியூன்னு எனக்குத் தெரியாது. அண்ணாச்சி சொல்லவே இல்லை. திரும்பிப் போறப்ப மட்டும் 'வீட்டில ஒரு பரீட்சை பாக்கி இருக்குடா'ன்னார். நான் சும்மா சொல்றார்னு நினைச்சேன்."

"தெரிஞ்சிருந்தா இறங்கியிருப்பீங்களோ?"

பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அந்த மட்டில் நல்லவன்தான்.

சந்தனமாரி வெளியே வந்தாள். "பாண்டி, சாவியைக் கொடு."

"அம்மா, நீங்க..."

"கொடுன்னேன். அவர் திதி அன்னைக்கு ஒரு பிள்ளை வந்து நின்னு வெறுங்கையோட திரும்பிப் போனா அந்த இலையில போடுற சோறு எனக்கு இறங்காது."

பாண்டி சாவியை வீசினான். அது படியில் விழுந்து உருண்டது. "ஓட்டுங்க. யாரு ஓட்டுறதா உத்தேசம்? சேட்டனா? கியர் எங்கே இருக்குன்னாவது தெரியுமா?"

"ஸ்டீயரிங்குக்குக் கீழே. அண்ணாச்சி போடுறதைப் பார்த்திருக்கேன்."

"பார்த்திருக்காரு!" பாண்டி கைதட்டினான். "நானும் ஏரோப்ளேன் பார்த்திருக்கேன். போங்க, போய் ஸ்டார்ட் பண்ணுங்க, பார்க்கலாம்."

ஹரி உட்கார்ந்து சாவியைத் திருகினான். என்ஜின் இருமியது. மறுபடி இருமியது. அவ்வளவுதான்.

பாண்டியின் சிரிப்பு நின்றது. எதையெல்லாம் சொன்னாலும், அப்பா போன பிறகு ஞாயிறு தவறாமல் வந்து பத்து நிமிஷம் அந்த என்ஜினை ஓடவிட்டவன் அவன்தான். "நகருங்க" என்று உள்ளே உட்கார்ந்து தானே திருகிப் பார்த்தான். இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். டெல்கோ மூடியின் கிளிப் ஒன்று சரியாக மாட்டாமல் இருந்தது. மூடியை எடுத்துப் பார்த்தான்.

"ரோட்டர் இல்லை."

நிமிர்ந்தவன் நேராக ஹரியின் சட்டையைப் பிடித்தான். "எங்கேடா? ஹோட்டலுக்கு வண்டி போகக் கூடாதுன்னு நேத்து சாயங்காலமே வந்து எடுத்துட்டீங்களா? உங்க சங்கத்துக்காரங்க இங்கே சுத்திட்டு நின்னது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"கையை எடு பாண்டி. நான் எடுத்திருந்தா நானே வந்து வண்டியைக் கேட்பேனா?"

"நடிப்பு. அப்பாவைப் பிடுங்கித் தின்னீங்க, இப்ப வண்டியையும்..."

ஹரி அவனைத் தள்ளினான். பாண்டி கொட்டகைத் தூணில் மோதி நின்றான். அந்தப் பெண் மஞ்சுஷா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, "வேண்டாம், வேண்டாம் சேட்டா, நான் நடந்து போறேன்" என்றாள். பேச்சில் பாதி அழுகை. இருபது கிலோமீட்டரை அவள் எப்படி நடப்பாள் என்று யாரும் கேட்கவில்லை.

சங்கரி அசையவில்லை. பாக்கெட்டில் பித்தளைத் தகடு உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

மஞ்சுஷா அவளைப் பார்த்தாள். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேச்சிதானே நம்ம சந்துக்கு வர்றது? நாளைக்கு வந்தா எங்க வீட்டு வாசலில கவரெல்லாம் கட்டி வச்சிருக்கேன். நான் இல்லைன்னாலும் எடுத்துக்கோங்க" என்றாள்.

"எந்த வீடு?"

"பச்சைக் கதவு."

சங்கரிக்கு அந்த வீடு தெரியும். ஆள்தான் தெரியாது. அவள் போகும் நாற்பது வீடுகளில் முப்பத்தொன்பதில் மீன் நாற்றமும் குழம்புக் கறையுமாகத்தான் கவர்கள் கிடக்கும். ஒரே ஒரு பச்சைக் கதவில் மட்டும் பால் கவர்களைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, அடுக்கி, நூல் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு வருஷமாக. கை நாறாமல் எடுக்கிற ஒரே மூட்டை அதுதான். எந்த மகராசி என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்தாள்.

"கொடுத்துடு" என்றாள் சந்தனமாரி.

"எதை?"

"பாக்கெட்டில இருக்கிறதை."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கையை வெளியே எடுக்காம நிக்கிறியே. ஒரு நாள் நானும் அப்படித்தான் நின்னேன்."

சங்கரிக்குப் புரியவில்லை. அம்மா கீழே பார்த்துக்கொண்டு பேசினாள். மாவு காய்ந்து அவள் விரல்களில் வெடித்திருந்தது.

"உன் இன்டர்வியூ அன்னைக்கு வண்டி தானா நிக்கலை. நான்தான் நிறுத்தினேன். உனக்குச் சொல்லிக்கொடுத்தப்ப நானும் பக்கத்தில நின்னு பார்த்தவதானே. முந்தின நாள் இதைத்தான் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன். ஹாஸ்டலுக்குப் போனா நீ திரும்ப மாட்டேன்னு பயம். அண்ணன் மகனுக்குக் கொடுக்கிறதா வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் தப்பிப் போனா போதும்னு நினைச்சேன். அவர் அந்தப் பையனை ஸ்கூட்டர்ல ஏத்துவார்னு நான் நினைக்கலை. காத்தைப் பிடுங்குவானுங்கன்னும் தெரியாது."

"அப்பாவுக்கு?"

"யாரோ திருடிட்டான்னு நினைச்சுப் புதுசுக்குச் சொல்லி வச்சிருந்தார். ஒரு வாரம் கழிச்சு அரிசி எடுக்க வந்தவர் கையில அது கிடைச்சது. என்னைப் பார்த்தார். எடுத்துட்டுப் போய் வண்டியில மாட்டினார். ஒரு வார்த்தை கேட்கலை. சொல்லாதீங்கன்னு நான் கெஞ்சக்கூட இல்லைடி. அவரே சொல்லலை. 'பிள்ளைக்கு ஒருத்தர் மேல கோவம் இருந்தா போதும்'னு மட்டும் ஒரு தடவை சொன்னார்."

அடுப்பில் பாயசம் அடிபிடிக்கும் வாசனை வந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருஷம் மேஜைமேல் வைத்த மாத்திரைகள் சங்கரிக்கு நினைவு வந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, தண்ணீர் எடுக்கத் தானே எழுந்து போவார். ஒரு முறையாவது "நான் இல்லைம்மா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"அந்தப் பொண்ணு நிக்கிறா, பார்த்தேன். நான் செஞ்சதை நீயும் செய்ய வேண்டாம்."

"நீங்க எனக்குப் புத்தி சொல்றீங்களா?" சங்கரியின் குரல் இப்போதுதான் உடைந்தது. "ஒரு மனுஷனை நான் பேசாமலே கொல்ல வச்சிட்டு, அவர் படத்துக்கு வடை சுடுறீங்களா? நான் திரும்பி வர்றப்ப உங்க முகத்தை நான் பார்க்கக் கூடாது. கேட்டீங்களா? பார்க்கவே கூடாது."

சந்தனமாரி தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை சங்கரி கவனித்திருக்க வேண்டும். கோபத்தில் இருப்பவர்களுக்குக் காது மட்டுமல்ல, கண்ணும் வேலை செய்வதில்லை.

வெளியே வந்தவள் நேராக வண்டியிடம் போனாள். பாக்கெட்டிலிருந்து ரோட்டரை எடுத்து, பித்தளையை ஓவர்கோட்டில் துடைத்து, இருந்த இடத்தில் அமுக்கினாள். மூடியைப் போட்டு இரண்டு கிளிப்பையும் மாட்டினாள்.

பாண்டி வாயைப் பிளந்தான். "நீயா?"

"நான்தான். சாரோட சட்டையை இனிப் பிடிக்காதே. கிழிஞ்சா தைச்சுக் கொடுக்க ஆளில்லை."

"என் வேலையைக் கெடுக்கிறதுக்குன்னே..."

"உன் வேலைக்காக இல்லை. என் வயித்தெரிச்சலுக்காக எடுத்தேன். இப்ப நான் ஓட்டப் போறேன். கண்ணாடி உடைஞ்சா என்னைக் கேளு."

"உனக்கு ஆட்டோதான் ஓட்டத் தெரியும்."

"இந்த முற்றத்தில இந்த வண்டியை நான் ஓட்டுறப்ப நீ டிராயரோட சுத்திட்டு இருந்தே. ஒதுங்கு."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். ஹர்த்தால் நாளில் கண்ணாடியில் ஒட்டும் தாள்களை எழுதியது எப்போதும் அவள்தான். வீரபாண்டிக்கு மலையாளம் எழுத வராது. ஏழாவது வகுப்பிலிருந்து அவள்தான் பெரிய பெரிய எழுத்தில் "பரீட்சை" என்று மலையாளத்தில் எழுதிக்கொடுப்பாள். இன்றும் எழுதினாள்.

ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை வேண்டும். சந்தனமாரி ஒரு வாழையிலைத் துண்டில் கொஞ்சம் சோறு வைத்து நீட்டினாள். சங்கரி அதை வாங்காமல் உள்ளே போய்ப் பானையிலிருந்து தானே எடுத்து வந்தாள். அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. ஹரிதான் அதை வாங்கிக்கொண்டான்.

என்ஜின் சத்தம் அந்த வீட்டில் கேட்டது. மஞ்சுஷா ஏறிக்கொண்டாள்; ஹரி திதிக்காக வீட்டிலேயே நின்றுவிட்டான்.

கியர் முதலில் மக்கர் பண்ணியது. பிறகு கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. தோப்பும்படி வரை தெருவில் நாய்கள்தான் இருந்தன. பாலத்தின் தொடக்கத்தில் கொடி கட்டிய இரண்டு பைக்குகளும், சாலையின் குறுக்கே ஒரு சிமெண்டுக் குழாயும், ஐந்தாறு பேரும்.

"எங்கோட்டா?" என்று ஒருவன் பானெட்டைத் தட்டினான்.

"களமசேரி. பரீட்சை."

"இன்னிக்கு ஒரு பரீட்சையும் இல்லை. எல்லாம் மாத்தி வச்சாச்சு."

"அட்மிஷன்" என்று மஞ்சுஷா ஃபைலைத் திறந்து காட்டினாள்.

"அப்போ எழுதினது பொய்யா?" அவன் தாளைப் பார்த்துச் சிரித்தான். "டேய், காத்தைத் திறந்து விடு."

ஒரு இளைஞன் முன்சக்கரத்தின் அருகே குந்தினான். சங்கரி கதவைத் திறந்து இறங்கி, அவனுக்குப் பக்கத்தில் தானும் குந்தினாள். பச்சை ஓவர்கோட்டு தரையில் புரண்டது.

"திறந்து விடுப்பா. எங்கப்பா ஸ்கூட்டரில இதே பாலத்தில இப்படித்தான் ஒருத்தன் திறந்து விட்டான். அன்னைக்கு நான் நர்ஸ் ஆகியிருக்கணும். ஆகலை. உங்க வார்டில குப்பை பொறுக்கிறேன். இந்தப் பொண்ணுக்கும் ஒரு கோட்டு தயாரா வச்சிருக்கேன். நீ திறந்து விட்டா நாளைக்கே போட்டு விடுறேன்."

அவன் கை வால்வின் மேலேயே இருந்தது. பின்னாலிருந்து ஒருவன் அசிங்கமாக ஏதோ சொன்னான். இன்னொருவன் சிரித்தான். இளைஞன் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் போய், சிமெண்டுக் குழாயைக் காலால் உருட்டி வழிவிட்டான். அவனை அவர்கள் என்ன திட்டினார்கள் என்பது என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. அவன் பெயரும் நமக்குத் தெரியாது. ஆண்டவனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒன்பதே முக்காலுக்குக் களமசேரியில் கல்லூரி வாசல். மஞ்சுஷா இறங்கி ஓடினாள். நாலடி போனவள் திரும்பி வந்து, "சேச்சி, சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை சீட்டில் வைத்துவிட்டு மறுபடி ஓடினாள்.

கேட்டுக்குள் அவள் மறைந்த பிறகும் சங்கரி அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு கிட்டத்தில்தான் இருந்திருக்கிறது.

பொட்டலத்திலிருந்து அவியல் ஒழுகியிருந்தது. துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். துணி இல்லை. தாள்கள் இருந்தன. மடித்து அடுக்கிய வெள்ளைத் தாள்கள். பழுத்தவை, கிழிந்தவை. எல்லாமே அவள் எழுத்து. நாலு மூலையிலும் காய்ந்த சோற்றுப் பசை.

அடியில் ஒன்றில் மட்டும் பசை இல்லை. ஒரு தடவைகூட ஒட்டப்படாத தாள். "இன்டர்வியூ" என்று எழுதியிருந்தது. பதினெட்டு வயதில், மிகுந்த அழகாக எழுத முயன்ற ஒரு பெண்ணின் எழுத்து.

"அப்பா" என்றாள் சங்கரி. சத்தமாகத்தான் சொன்னாள். காரில் வேறு யாரும் இல்லை.

போன் அடித்தது. பாண்டி.

"அக்கா." காலையிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. "அம்மா உன்கூட வந்தாங்களா?"

"இல்லையே."

"அப்போ எங்கே போனாங்க? இலை போட்டு வச்சது அப்படியே இருக்கு. விளக்கு எரியுது. குடையையும் கறுப்புப் பையையும் காணோம். அப்பா படமும் சுவரில இல்லை. ஹரி சேட்டன் படகு ஜெட்டி பக்கம் தேடிப் போயிருக்காரு. தூரம் நடக்க முடியாதவங்க, இந்த ஹர்த்தால்ல எங்கேன்னு போவாங்க? அக்கா, நீ ஏதாச்சும் சொன்னியா?"

நீட்டியபடியே நின்ற அந்தக் கை சங்கரியின் கண்முன் வந்தது. மாவு காய்ந்த விரல்கள்.

"சொன்னேன்" என்றாள்.

"என்ன சொன்னே?"

அவள் போனை சீட்டில் வைத்தாள். மஞ்சுஷா வெளியே வர இரண்டு மணி நேரமாவது ஆகும். காவலாளியிடம் ஓடிப்போய், "பாண்டிக்குடி மஞ்சுஷா வந்தா இங்கேயே இருக்கச் சொல்லுங்க, அந்தப் பச்சைக் கோட்டு சேச்சி கட்டாயம் திரும்பி வருவான்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவைத் தேடிப் போக வண்டியில் வந்து உட்கார்ந்தாள்.

திரும்பி வருவதாகத்தான் அன்று அப்பாவும் சொல்லிவிட்டுப் போனார் என்பது சாவியில் கை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

திருகினாள். மூத்தவள் முதல் திருகிலேயே கிளம்பிவிட்டாள்.